தொட்டுத் துணைநிற்கும் அன்பு

அன்பு என்னும் சொல்லை நாம் நாள்தோறும் பலமுறை சொல்கிறோம். காலைச் செபத்தில் சொல்கிறோம். மறைக்கல்வி வகுப்பில் சொல்கிறோம். கடிதம் எழுத உட்கார்ந்தால் ‘அன்புள்ள’ என்றே தொடங்குகிறோம். ஆனால் அச்சொல் நம்மிடம் என்ன கேட்கிறது என்பதைச் சற்று நின்று எண்ணிப் பார்ப்பது அரிது. இந்த ஆண்டு மலரின் வழியாக அதை எண்ணிப் பார்ப்போம்.

திருவள்ளுவர் அன்பைப் பற்றிப் பேச இரண்டு அதிகாரங்களை ஒதுக்கியிருக்கிறார். ஒன்று அன்புடைமை, அது எட்டாவது அதிகாரம், இல்லறவியலில் வருகிறது. மற்றொன்று அருளுடைமை, அது இருபத்தைந்தாவது அதிகாரம், துறவறவியலில் வருகிறது. உரையாசிரியர்கள் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவார்கள். தாய், தந்தை, உடன்பிறந்தார், தோழியர் என நம்மோடு தொடர்புடையவர்மேல் செல்வது அன்பு. எந்தத் தொடர்பையும் பாராமல் எல்லா உயிர்கள்மேலும் செல்வது அருள். முதலாவது நமக்கு எளிதில் வருகிறது. இரண்டாவது முயன்றாலன்றி வருவதில்லை.

கிறிஸ்து பெருமான் இந்த இரண்டுக்கும் இடையே இருந்த வரப்பை வெட்டிவிட்டார். உறவினரிடம் காட்டும் அன்பையே முன்பின் தெரியாதவரிடமும், நம் மனம் ஒதுக்கி வைத்தவரிடமும் காட்டச் சொன்னார். சொன்னதோடு நில்லாமல் செய்தும் காட்டினார். அவர் செய்து காட்டியது என்ன, அவரைப் பின்பற்றியவர்கள் அதை எப்படிச் செய்தார்கள், நாம் செய்யக்கூடியது என்ன என்பதே நம் பாடம்.

நீட்டிய கை

மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தின் இறுதியில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. தொழுநோயாளர் ஒருவர் இயேசுவிடம் வந்து முழந்தாளிட்டு வேண்டுகிறார். அக்காலச் சட்டம் எத்தகையது என்பதை லேவியர் நூலின் பதின்மூன்றாம் அதிகாரம் சொல்கிறது. நோய் கண்டவர் கிழிந்த ஆடை உடுத்த வேண்டும். தலைமுடியை வாரக்கூடாது. தாம் தீட்டானவர் என்று தாமே கத்திக்கொண்டு போக வேண்டும். குடியிருப்புக்கு வெளியே தனியே வாழ வேண்டும். அப்படிப்பட்டவர் ஊருக்குள் இருந்த ஒருவர் அருகில் வந்ததே பெரிய துணிச்சல்.

இயேசு இரக்கம் கொண்டு கையை நீட்டி அவரைத் தொட்டார் என்று மாற்கு எழுதுகிறார். இங்கே நாம் ஒரு கேள்வி கேட்கலாம். குணமாக்குவதற்குத் தொடுவது அவசியமா? அவசியமில்லை. லூக்கா நற்செய்தியின் பதினேழாம் அதிகாரத்தில் பத்துத் தொழுநோயாளர் தொலைவில் நின்று கூப்பிடுகிறார்கள். இயேசு அவர்களைத் தொடாமலேயே அனுப்புகிறார். அவர்கள் போகும் வழியிலேயே குணமடைகிறார்கள். ஆகவே அவருடைய சொல்லே போதுமானது. இருந்தும் இந்த மனிதரைத் தொட்டார். ஏனெனில் இவருக்கு இரண்டு நோய்கள் இருந்தன. ஒன்று தோலில் இருந்தது. மற்றொன்று, பல ஆண்டுகளாக ஒரு மனிதக் கையும் தம்மேல் படாத நோய். முதல் நோய்க்குச் சொல் மருந்து. இரண்டாம் நோய்க்குக் கைதான் மருந்து.

நிகழ்ச்சியின் முடிவையும் கவனிப்போம். குணமடைந்தவர் மகிழ்ச்சி தாங்காமல் செய்தியை எங்கும் பரப்பிவிடுகிறார். அதனால் இயேசு வெளிப்படையாக ஊருக்குள் நுழைய முடியாமல், வெளியே தனிமையான இடங்களில் தங்க நேர்கிறது. வெளியே இருந்தவர் உள்ளே வந்தார். உள்ளே இருந்தவர் வெளியே போனார். இருவரும் இடம் மாற்றிக்கொண்டார்கள். தன்னலமற்ற அன்பு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இந்த இடமாற்றத்தைக் காட்டினால் போதும்.

தாழை மரத்தடியில் ஒரு குரு

இந்த நற்செய்திப் பகுதியை வாழ்ந்து காட்டியவர் புனித தமியான். பெல்ஜியம் நாட்டில் திரமேலோ என்னும் ஊரில் 1840-ஆம் ஆண்டு ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். ஹவாய்த் தீவுகளுக்குப் போக வேண்டியவர் இவருடைய அண்ணன். அண்ணன் நோயுற்றதால் அவருக்குப் பதிலாக இவர் கப்பலேறினார்.

அந்நாளில் தொழுநோய்க்கு மருந்து இல்லை. ஹவாய் அரசு 1865-ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றி, நோய் கண்டவர்களைப் பிடித்து மொலோக்காய்த் தீவின் ஒரு மூலைக்கு அனுப்பியது. மூன்று பக்கம் கடல். ஒரு பக்கம் செங்குத்தான மலை. போனவர் திரும்புவதில்லை. கணவனிடமிருந்து மனைவியும், தாயிடமிருந்து பிள்ளையும் பிரிக்கப்பட்டார்கள். 1873-ஆம் ஆண்டு மே மாதம் தந்தை தமியான் அங்கே போய் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 33. தங்குவதற்கு வீடில்லை. கோயிலருகே இருந்த ஒரு தாழை மரத்தடியில் முதல் சில நாள்கள் உறங்கினார்.

அவர் செய்த வேலைகளைப் பட்டியலிட்டால் குருவின் வேலை எது, கொத்தனின் வேலை எது, தச்சனின் வேலை எது என்று பிரிக்க முடியாது. புண்களைக் கழுவிக் கட்டினார். குடிசைகளை வீடுகளாக்கினார். தண்ணீர் கொண்டுவர வழி செய்தார். இறந்தவர்களுக்குத் தம் கையாலேயே சவப்பெட்டி செய்து குழி தோண்டினார். அவர்களோடு ஒரே கலத்தில் உண்டார்.

இவை எல்லாவற்றையும்விட நம் மனத்தில் நிற்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மறையுரை ஆற்றும்போது அவர் அந்த மக்களை ‘நீங்கள்’ என்று பிரித்துப் பேசுவதில்லை. தொழுநோயாளராகிய நாம் என்று தம்மையும் சேர்த்தே பேசுவார். இதைத் தம் அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில் அவரே குறிப்பிட்டிருக்கிறார். அக்கடிதம் எழுதியது 1873-ஆம் ஆண்டில். நோய் தம்மைப் பற்றிவிட்டதை அவர் அறிந்ததோ 1884-ஆம் ஆண்டின் இறுதியில். கொதிக்கும் நீரில் கால் வைத்தும் சுடவில்லை, அப்போதுதான் தெரிந்துகொண்டார். ஆக, உடம்பு நோயுறுவதற்குப் பதினோர் ஆண்டுகளுக்கு முன்பே அவர் வாய் ‘நாம்’ என்று சொல்லிவிட்டது. 1889 ஏப்ரல் 15 அன்று அந்த மக்களிடையே உயிர் நீத்தார். 2009-ஆம் ஆண்டு திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார்.

கன்னியர் எழுவர்

துறவற இல்லத்துச் சகோதரியர் நடத்தும் பள்ளியில் படிக்கும் நாம் அறிய வேண்டிய மற்றொரு பெயர் புனித மரியான் கோப். ஜெர்மனியில் 1838-ஆம் ஆண்டு பிறந்து, சிறு குழந்தையாகவே பெற்றோருடன் அமெரிக்காவுக்கு வந்தவர். பிரான்சிஸ்கு சபைச் சகோதரி. சபைத் தலைவியாகவும் உயர்ந்தவர்.

1883-ஆம் ஆண்டு ஹவாய் அரசரின் சார்பில் ஒரு வேண்டுகோள் பல துறவற சபைகளுக்கு அனுப்பப்பட்டது. தொழுநோயாளரைப் பராமரிக்கச் சகோதரியர் தேவை என்பதே அது. ஐம்பதுக்கு மேற்பட்ட சபைகள் இயலாது என்று மறுமொழி எழுதின. மரியான் மறுக்கவில்லை. மற்றவரை அனுப்பிவிட்டுத் தாம் தலைமை இல்லத்தில் இருந்துகொள்ளவும் இல்லை. ஆறு சகோதரியரை அழைத்துக்கொண்டு தாமே புறப்பட்டார். 1888-ஆம் ஆண்டு மொலோக்காய் சென்று, தந்தை தமியானின் இறுதி மாதங்களில் அவருக்கு ஆறுதலாக இருந்தார். பின்னர் 1918-ஆம் ஆண்டு இறக்கும்வரை அத்தீவிலேயே பணியாற்றினார்.

அங்கே நோயுற்ற சிறுமியருக்கென்று ஓர் இல்லம் இருந்தது. மரியான் அவர்களுக்கு மருந்து கொடுத்ததோடு நிற்கவில்லை. நல்ல நிறமுள்ள துணி வாங்கி அழகாகச் சட்டை தைத்துக் கொடுத்தார். இல்லத்தைச் சுற்றிப் பூச்செடி வளர்த்தார். பாட்டும் விளையாட்டும் ஏற்படுத்தினார். நோயுற்ற பெண்ணும் ஒரு பெண்தானே. அவளுக்கும் நல்ல பாவாடை உடுத்திப் பார்க்க ஆசை இருக்கும் அல்லவா? இந்தச் சிறிய ஆசையைக் கண்டுகொள்ளும் கண்தான் இரக்கத்தின் கண்.

இன்னொன்றையும் கற்றுக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் கைகளை நன்றாகக் கழுவ வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பானவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நோயாளரோடு வாழ்ந்தும் அவருக்கு அந்நோய் வரவில்லை. அன்பு வேறு, அசட்டைத்தனம் வேறு. அருகில் போகச் சொல்லும் அன்பே அறிவோடு நடக்கவும் சொல்கிறது.

பொலம்பாக்கத்து மரநிழல்

இவையெல்லாம் கடல் கடந்த கதைகள் என்று எண்ண வேண்டாம். நம் வேப்பூரிலிருந்து சென்னை நோக்கிப் போகும் நெடுஞ்சாலையில் மதுராந்தகம் வருகிறது. அதை அடுத்துள்ள சிற்றூர் பொலம்பாக்கம். தந்தை தமியானின் நாடான பெல்ஜியத்திலிருந்து டாக்டர் பிரான்ஸ் ஹெமரிக்ஸ் என்பவர் 1955-ஆம் ஆண்டு அங்கே ஒரு தொழுநோய் சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். அதற்கு முன் ஆப்பிரிக்காவில் காங்கோ நாட்டில் பல்லாண்டு தொழுநோயாளரிடையே பணிசெய்தவர். அவரோடு பணியாற்ற வந்தவர் டாக்டர் கிளேர் வெல்லூட் என்னும் இளம் பெண்.

அதற்குள் டாப்சோன் என்னும் மாத்திரை வந்துவிட்டது. ஆனால் மாத்திரை ஒரு பக்கம், மக்கள் ஒரு பக்கம். மருத்துவமனைக்குப் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் மகளுக்குத் திருமணம் நடக்காது. மகனுக்கு வேலை கிடைக்காது. ஆகவே நோயாளர் ஒளிந்தே இருந்தார்கள். ஒளிந்திருக்கையில் விரல்கள் மடங்கின. பாதங்களில் புண் வைத்தது.

டாக்டர் ஹெமரிக்ஸ் கண்ட வழி எளியது. நோயாளர் வரவில்லையா, நாமே போவோம் என்றார். சாலையோரத்து மரங்களே அவருடைய மருத்துவமனைகள். இன்ன கிழமை, இன்ன ஊரில், இன்ன மரத்தடியில் என்று குறித்துவிடுவார்கள். மருத்துவக் குழு வண்டியில் வந்து இறங்கும். சுற்றுப்புறத்து ஊர்களிலிருந்து நோயாளர் நடந்து வருவார்கள். தோலைப் பார்த்து, புண்ணைக் கழுவிக் கட்டி, மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள். நோயாளர் மாலையில் தம் வீட்டுக்கே திரும்பலாம். நிலத்தை விடவேண்டாம், பிள்ளைகளைப் பிரியவேண்டாம். அவர்களை ஊரைவிட்டு விலக்குவதுதான் சிகிச்சை என்னும் பழைய எண்ணம் அந்த மரநிழலில் உடைந்தது. மரத்தடி மருத்துவமனை என்று உலக மருத்துவர்கள் அதைப் பற்றிப் பேசினார்கள். பார்க்கவும் கற்கவும் வந்தார்கள்.

டாக்டர் ஹெமரிக்ஸ் சென்ற பின் டாக்டர் கிளேர் வெல்லூட் பொறுப்பை ஏற்று நீண்ட காலம் நடத்தினார். இந்தியக் குடியுரிமையும் பெற்றார். உதவ வந்த வெளிநாட்டுக்காரி என்னும் பெயரை விட்டு, இம்மண்ணின் குடிமகளாகவே ஆனார். அவரும் ‘நாம்’ என்று சொல்லக் கற்றவர்.

கையைப் பிடித்துப் பார்த்த டாக்டர்

நம் கத்தோலிக்கத் திருச்சபைக்கு வெளியே இருந்த ஒரு கிறிஸ்தவரும் இவ்வரிசையில் நிற்கிறார். டாக்டர் பால் பிராண்ட் 1914-ஆம் ஆண்டு கொல்லிமலையில் பிறந்தவர். பெற்றோர் அங்கு மறைப்பணி செய்த ஆங்கிலேயர். இங்கிலாந்தில் படித்து, 1946-ஆம் ஆண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார்.

ஒருநாள் செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். அங்கே விரல்கள் மடங்கிக் கொக்கிபோல் ஆன ஒரு நோயாளரின் கையைத் தம் கைக்குள் வாங்கி, அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பலமிராது என்றுதான் நினைத்தார். ஆனால் அந்தப் பிடி டாக்டருக்கே வலித்தது! கையில் பலமுள்ள தசைகளும் இருக்கின்றன. செயலிழந்த தசைகளின் வேலையை அவற்றைக்கொண்டே செய்விக்கலாமே என்னும் எண்ணம் அப்போது பிறந்தது. நல்ல தசைநாணை இடம் மாற்றித் தைத்து, மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை 1948-ஆம் ஆண்டு வேலூரில் தொடங்கினார். பின்னர் கரிகிரியிலும் அப்பணி வளர்ந்தது. பிச்சைப் பாத்திரம் ஏந்திய பல கைகள் உளியும் ஊசியும் பிடித்தன.

இந்த அறிவு எங்கிருந்து வந்தது? ஒருவர் கையை ஒருவர் பிடித்ததிலிருந்து வந்தது. தொடாமல் தள்ளி நின்று பார்த்திருந்தால் அந்த உண்மை இன்னும் பல காலம் மறைந்தே இருந்திருக்கும்.

அவர் கண்டறிந்த மற்றோர் உண்மையும் உண்டு. தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. நோய் நரம்பைத் தாக்குவதால் வலி தெரிவதில்லை. வலி தெரியாததால் சுடுபாத்திரத்தைப் பிடித்தாலும், முள்மேல் நடந்தாலும் நோயாளர் அறியமாட்டார். உறங்கும்போது எலி விரலைக் கடித்தாலும் தெரியாது. அதனால் வீடு திரும்பும் நோயாளருக்குத் துணையாக ஒரு பூனையையும் கொடுத்தனுப்பினார்கள்.

புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் திருச்சபையை உடலுக்கு ஒப்பிடுகிறார்; ஓர் உறுப்பு துன்புற்றால் எல்லா உறுப்புகளும் துன்புறும் என்னும் கருத்தைச் சொல்கிறார். இதை டாக்டர் பிராண்ட் கண்ட உண்மையோடு சேர்த்துப் படிப்போம். வலி தெரியாத உடம்பு தன் விரலையே இழக்கிறது. அடுத்தவர் வலி தெரியாத வகுப்பும், குடும்பமும், ஊரும் அப்படித்தான் தம் உறுப்பினரை இழக்கின்றன. இழந்ததும் உடனே தெரிவதில்லை. அதுதான் ஆபத்து.

நாங்களும் நாமும்

நம் தமிழில் ஓர் அருமை உண்டு. ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் சொல்வதைத் தமிழ் இரண்டாகப் பிரித்துச் சொல்கிறது. கேட்பவரை விலக்கிச் சொன்னால் ‘நாங்கள்’. கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் ‘நாம்’. தோழியிடம் ‘நாங்கள் விளையாடப் போகிறோம்’ என்றால் அவள் வாசலில் நின்றுவிடுவாள். ‘நாம் விளையாடப் போகலாம்’ என்றால் அவளும் செருப்பை மாட்டிக்கொள்வாள். ஒரு சொல்லில் கதவு மூடுகிறது. ஒரு சொல்லில் கதவு திறக்கிறது.

பிறர்க்கு உதவும்போதும் இந்த வேறுபாடு உண்டு. நாங்கள் கொடுக்கிறோம், நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள் என்பது ஒரு வகை உதவி. அதனால் வயிறு நிறையலாம். வாங்கியவர் மனம் குனிந்துதான் இருக்கும். நாம் சேர்ந்து உண்போம் என்பது வேறு வகை. தவக்காலத்தில் உண்டியலில் காசு போடுவது நல்லது. அதைக் குறை கூறுவார் இல்லை. ஆனால் காசு மட்டும் போய், நாம் போகாமல் இருந்தால் பாதி அன்புதான் போய்ச் சேர்ந்தது.

அருவருப்பு வந்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்கலாம். புனிதர்களுக்கும் அது வந்திருக்கிறது. அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ், இளமையில் தொழுநோயாளரைக் காண்பதே தமக்குக் கசப்பாயிருந்தது என்று தம் இறுதி நாள்களில் ஒளியாமல் எழுதி வைத்தார். இறைவன் தம்மை அவர்களிடையே நடத்திச் சென்றபின் அக்கசப்பே இனிப்பாயிற்று என்றார். ஆகவே மனம் சுருங்குவது பாவமன்று. சுருங்கிய மனத்தோடு திரும்பி ஓடுவதா, ஓர் அடி முன்னே வைப்பதா என்பதே கேள்வி.

அறிந்துகொள்ள வேண்டிய சில உண்மைகள்

அறியாமையால் பிறக்கும் அச்சம் அன்புக்குப் பகை. எனவே தொழுநோயைப் பற்றிச் சில உண்மைகளை மாணவியரும் பெற்றோரும் மனத்தில் பதித்துக்கொள்வோம்.

இது பாவத்தின் தண்டனையும் அன்று, பரம்பரை நோயும் அன்று. ஒரு வகைக் கிருமியால் வருவது. நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873-ஆம் ஆண்டு அக்கிருமியைக் கண்டறிந்தார். தந்தை தமியான் மொலோக்காயில் இறங்கிய அதே ஆண்டுதான் அது! பெரும்பாலான மக்களின் உடலில் இக்கிருமியை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே உள்ளது. கைகுலுக்குவதாலோ, பக்கத்தில் உட்கார்வதாலோ தொற்றிவிடுவதில்லை.

நிறம் வெளுத்தோ சிவந்தோ, உணர்ச்சி குறைந்தும் இருக்கும் படை இதன் முக்கிய அறிகுறி. எல்லாத் தேமலும் தொழுநோய் அன்று. ஆனால் உணர்ச்சியில்லாத தேமலை மறைக்கக்கூடாது. 1981-ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு பரிந்துரைத்த கூட்டு மருந்து சிகிச்சையால் இது முற்றிலும் குணமாகிறது. 6 மாதமோ 12 மாதமோ மருந்து உண்டால் போதும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. மருந்து உண்ணத் தொடங்கிய சிறிது காலத்திலேயே பிறருக்குத் தொற்றும் தன்மை போய்விடுகிறது. காலம் தாழ்த்தாமல் வந்தால் ஊனமும் வராது.

நோயாளரைப் பிரித்து வைக்க 1898-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட பழைய சட்டம் 2016-ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. தொழுநோயைக் காட்டி மணவிலக்குக் கோரலாம் என்றிருந்த சட்டப் பிரிவுகளும் 2019-ஆம் ஆண்டு நீக்கப்பட்டன. சட்டம் தன் தவற்றைத் திருத்திக்கொண்டது. மனங்கள் திருந்துவதுதான் பாக்கி.

மற்றொரு தொடாமை

தொடாமல் ஒதுக்கும் வழக்கம் நம் நாட்டில் நோயோடு நிற்கவில்லை. எந்த நோயும் இல்லாத, நம்மைப் போலவே குளித்து உடுத்தி வரும் மக்களையும் பிறப்பைச் சொல்லி ஒதுக்கினோம். அதற்குத் தமிழில் பெயரே தீண்டாமை. 1950-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அதை ஒழித்தது. அதைக் கடைப்பிடிப்பது குற்றம் என்றும் கூறியது. ஆயினும் தமிழகத்தில் ஆலயத்திலும் கல்லறைத் தோட்டத்திலும்கூடச் சாதி பார்த்த வரலாறு நம் திருச்சபைக்கும் உண்டு. ஒரே கிண்ணத்தில் நன்மை வாங்கிவிட்டு, வெளியே வந்ததும் தெரு பார்த்துப் பிரிவோமானால், தொழுநோயாளரைத் தொட்ட அந்தக் கையை நாம் இன்னும் அறியவில்லை என்றே பொருள்.

நமக்கு அருகிலுள்ள கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்குக் கோயில் எழுப்பியவர் வீரமாமுனிவர். இத்தாலியில் பிறந்த அவர் நம் மொழியைக் கற்று, நம் உடையை உடுத்து, நம் உணவை உண்டு, நமக்கே அகராதி செய்து தந்தார். தொலைவில் பிறந்தவர் நம்மோடு ‘நாம்’ ஆனார். பக்கத்துத் தெருவில் பிறந்தவரோடு நாம் ‘நாம்’ ஆவதற்குத் தடை என்ன?

நம் ஊர்ச் சாலையில்

நல்ல சமாரியர் உவமையை நாம் அறிவோம். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் சாலையில் அது நடக்கிறது. மூன்று பேருமே அடிபட்டவரைப் பார்த்தார்கள். இருவர் பார்த்து விலகிப் போனார்கள். ஒருவர் பார்த்து அருகில் வந்தார். வேறுபாடு கண்ணில் இல்லை, காலில் இருந்தது.

நம் வேப்பூரும் சாலைகளின் ஊர். சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் நெடுஞ்சாலையும், விருத்தாசலத்திலிருந்து சின்னசேலம், சேலம் நோக்கிப் போகும் சாலையும் இங்கே சந்திக்கின்றன. வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு எங்கெங்கிருந்தோ மக்கள் வந்து கூடுகிறார்கள். நெடுஞ்சாலை என்றால் விபத்தும் உண்டு. உதவப் போனால் போலீஸ் விசாரணை, கோர்ட்டு என்று அலைய நேருமே என்று பலர் அஞ்சி நிற்பார்கள். இன்று அவ்வச்சத்துக்கு இடமில்லை. 2016-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், உதவுவோரைக் காக்கும் நெறிமுறைகளுக்குச் சட்ட வலிமை தந்தது. 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134-ஏ பிரிவும் அவர்களுக்குப் பாதுகாப்பளிக்கிறது. பெயர் சொல்லும்படியும் கட்டாயப்படுத்த முடியாது. மாணவியர் சாலையின் நடுவே ஓட வேண்டாம். பெரியவர்களைக் கூப்பிடுவதும், 108-க்குச் சொல்லச் செய்வதும், ஆம்புலன்ஸ் வரும்வரை அடிபட்டவருக்குத் துணையாக நிற்பதும் நம்மால் ஆகும்.

விருத்தாசலத்துப் பீங்கான் பொருள்களை நாம் பார்த்திருக்கிறோம். சூளையில் வேகாத அகலும் பார்வைக்கு அகல்போலவே இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். சூளைக்குள் போய் வந்தது மழையிலும் கரையாது. மேடையில் பேசும் அன்பு சூளைக்குப் போகாத மண். ஒருவருடைய துன்பத்தின் அருகில் போய் நின்று வெந்த பிறகே அது விளக்கேற்ற உதவும்.

வகுப்பறையில் தொடங்குவோம்

மொலோக்காய்க்கு நம்மில் எவரையும் இன்று யாரும் அனுப்பப்போவதில்லை. நம் வகுப்பறையே நமக்குப் போதும். மதிய உணவு வேளையில் எவளோ ஒருத்தி சுவரோரம் தனியே அமர்ந்து டப்பாவைத் திறக்கிறாள். தீக்காயத் தழும்பு ஒருத்திக்கு. வலிப்பு நோய் ஒருத்திக்கு. தந்தையின் தொழிலைச் சொல்ல வெட்கம் ஒருத்திக்கு. பழைய சீருடையோ, வீட்டுச் சண்டையோ ஒருத்திக்கு. அவளுக்குப் புத்தகம் வாங்கித் தர நம்மிடம் பணம் இல்லாமலிருக்கலாம். அவள் பக்கத்தில் போய் அமர்ந்து, நம் டப்பாவிலிருந்து ஒரு கவளத்தை அவளுக்கு வைத்து, அவள் டப்பாவிலிருந்து ஒரு கவளத்தை வாங்கி உண்ணப் பணம் தேவையில்லை. கொடுப்பது எளிது; வாங்கி உண்பதுதான் உறவு.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. யாரோடு சேரலாம், யாரோடு சேரக்கூடாது என்பதைப் பிள்ளைகள் வீட்டில்தான் முதலில் கேட்கிறார்கள். மகள் ஒரு தோழியை வீட்டுக்கு அழைத்து வரும்போது அவளுக்கு எந்தத் தட்டில் சோறு வைக்கிறோம் என்பது, ஆயிரம் மறைக்கல்வி வகுப்புகளைவிட ஆழமாக மகள் மனத்தில் பதியும்.

அன்புத் தோழியரே, ‘நாங்கள்’ என்னும் சொல்லை நம் நாவிலிருந்து அடியோடு நீக்கிவிட முடியாது. ஆயினும் ஒரு நாளில் ஒரு முறையாவது, அதைச் சொல்ல வாயெடுக்கும்போது நிறுத்தி, ‘நாம்’ என்று மாற்றிச் சொல்வோம். சொன்னபின் அச்சொல்லை மெய்யாக்க ஓர் அடி முன்னே வைப்போம். கை நீட்டித் தொட்ட ஆண்டவர் நம் கைகளையும் அவ்வாறே பயன்படுத்த அருள்புரிவாராக!